மல்பெரி ஓடையின் முதல் வீடு

மல்பெரி ஓடை முழுவதற்கும் பிராட்பேண்ட் வந்துவிட்டது என்று வாஷிங்டனில் எழுதி வைத்தது 2010ஆம் ஆண்டு. அந்த நல்ல செய்தி ஓடைக்காரர்களுக்குத் தெரிய நாலு வருடம் ஆயிற்று. ஓடையோரம் மொத்தம் முப்பத்தேழு வீடுகள். அதில் ஒரே ஒரு வீட்டில்தான் லைன் இருந்தது. நெடுஞ்சாலையை ஒட்டி, ஓடையின் வாயில் இருக்கும் முதல் வீடு. வெல்டா ரிஸ்னரின் வீடு.

நான் ஐவா. கென்டக்கியின் கிழக்கு மலையில் எங்கள் கவுண்டி நூலகத்தை இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். புத்தகம் கொடுப்பதைவிட, இன்டர்நெட் இல்லாதவர்களின் புலம்பலைக் கேட்பதுதான் இத்தனை வருடமும் என் வேலையாக இருந்திருக்கிறது. அந்தப் புலம்பல்காரர்களில் புலம்பாத ஒரே ஆள் வெல்டா. அதனால்தான் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள். பதினாலாம் நம்பர் பஸ், முப்பத்தொரு வருடம். இந்த மலையில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரைக் கேட்டாலும், "வெல்டாம்மா பஸ்லதான் போனேன்" என்பார்கள். பிள்ளை இருக்கையில் உட்கார்ந்து பையை மடியில் வைக்கும்வரை வண்டி நகராது. பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தால், இறங்கிப் போய் அவன் கதவைத் தட்டி, "என்ன அவசரம், உன் நிலக்கரி கெட்டா போயிடும்?" என்று கேட்டுவிட்டு வருவாள். கணவர் கார்ல், சுரங்கத் தூசி நெஞ்சில் ஏறி எப்போதோ போய்விட்டார். ஒரே மகள் ஷானா. அவள் வீடு ஓடையின் கடைசி வீடு, மலையடியில் ஒரு ட்ரெய்லர், லாரியில் இழுத்துவந்து இறக்கிய தகர வீடு. அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே நாலு மைல், முப்பத்தைந்து வீடு.

2009இல் தொலைபேசிக் கம்பெனி நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பெட்டியை நட்டது. அதிலிருந்து முதல் வீட்டுக்கு மட்டும் இழுக்க முடிந்தது. மேலே போகக் கம்பி பழசு, தூரம் அதிகம் என்று நிறுத்திவிட்டார்கள். வெல்டா வீட்டில் லைன் வந்த அன்று ஓடையே வந்து பார்த்தது. வெல்டா எல்லோருக்கும் பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டாள். மறுநாள் கம்பெனிக்கு ஒரு நன்றி அட்டையும் எழுதினாள்.

எங்கள் ஊரில் எதற்கும் நன்றி அட்டை உண்டு. சாவு வீட்டுக்கு ஒரு பாத்திரம் உருளைக்கிழங்கு கொண்டுபோனால் மூன்றே நாளில் அட்டை வந்துவிடும். அட்டையில் உள்ளதை உள்ளபடி எழுதுகிற வழக்கமும் கிடையாது. உருளைக்கிழங்கு தீய்ந்திருந்தாலும், எங்கள் குடும்பமே வயிறார உண்டது என்றுதான் எழுத வேண்டும். வெல்டாவும் அப்படித்தான் எழுதினாள். "மல்பெரி ஓடைக்கு இன்டர்நெட் கொண்டுவந்ததற்கு நன்றி. இனி எங்கள் ஓடைக்கு ஒரு குறையும் இல்லை." கீழே அழகாகக் கையெழுத்து.

அடுத்த சில வருடங்கள் ஷானா என் நூலகத்து வாசலில் குடியிருந்தாள் என்றே சொல்லலாம். சுரங்கம் மூடி அவள் கணவனுக்கு வேலை போயிருந்தது. ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடும் வேலை ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் படித்துத் தேர்வு எழுதினால் வீட்டிலிருந்தே செய்யலாம். ஷானா அதைப் படித்தாள். வெல்டா வீட்டு லைனில் படித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். படித்துப் பார்த்தாள். அந்த லைன் எழுத்துக்குத் தாங்கும், பாடம் நடத்துகிற படத்துக்குத் தாங்காது. அதனால் நூலகத்துக்குப் பதினெட்டு மைல் வந்து, இடமில்லாதபோது வெளியே காரிலேயே உட்கார்ந்து, எங்கள் வைஃபையில் இரண்டு வருடம் படித்தாள். பின் சீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் பிஸ்கட் தின்று கொண்டிருக்கும்.

தேறினாள். லெக்சிங்டனில் ஒரு ஆஸ்பத்திரி வேலையும் கொடுத்தது. ஒரே நிபந்தனை, வீட்டில் நல்ல வயர் லைன் இருக்க வேண்டும். நோயாளிகளின் ரகசியம், வாசலில் காரில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. புது வருடம் பிறப்பதற்குள் லைன் வாங்கு, இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

"லைன் வந்தா இருப்பேன். வரலைன்னா ஒஹாயோ பக்கம்தான்" என்று ஷானா என் மேசையில் வந்து சொன்னாள். "அம்மாட்ட சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. சொல்லாமலே வெல்டாவுக்குத் தெரிந்திருந்தது. இந்த மலையில் பிழைப்புத் தேடி ஒஹாயோவுக்குப் போகாத குடும்பம் எது?

அந்த அக்டோபரில்தான் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் பொது விசாரணை நடந்தது. கிராமத்துக்கு லைன் இழுக்க அரசுப் பணம் வரப்போகிறது, எந்தப் பகுதிக்குக் கொடுப்பது என்று மக்களிடம் கேட்க மாநிலத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நாடு முழுக்க இந்தச் சண்டை அப்போது நடந்து கொண்டிருந்தது. ஒரு கட்சி, அந்தக் காலத்தில் மின்சாரம் வந்த மாதிரி இதுவும் வீட்டுக்கு வீடு வர வேண்டும் என்றது. மற்றது, கம்பெனிகளை அவர்கள் போக்கில் விடுங்கள், தானாக வரும் என்றது. டிவியில் ஒரு நிபுணர், மலை இடுக்கில் வாழ்வது அவரவர் விருப்பம், அதற்கு ஊரார் ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்டார். வெல்டா அதைப் பார்த்துவிட்டு, "நிலக்கரி எடுக்கும்போது நாம எங்க இருக்கோம்னு தெரிஞ்சுது. கம்பி இழுக்கும்போது மட்டும் வழி மறந்துபோச்சா?" என்றாள். ஆனால் அடித்துக்கொண்ட இரண்டு கட்சியும் ஒரே வரைபடத்தைக் காட்டித்தான் அடித்துக்கொண்டன. அந்த வரைபடத்தில் எங்கள் ஓடை பச்சை. பச்சை என்றால் லைன் உள்ள இடம்.

விசாரணையில் வெல்டா எழுந்து பேசினாள். பஸ் ஓட்டியவள் ஆதலால் வரிசையாக வீடு வீடாகச் சொன்னாள். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி, எந்த வீட்டில் பரீட்சை எழுதும் பிள்ளை என்று. முப்பத்தாறு வீட்டில் லைன் இல்லை என்று முடித்தாள்.

கம்பெனியின் ஆள் எழுந்தார். மரியாதையான மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். "மல்பெரி ஓடை ஏற்கெனவே லைன் உள்ள பகுதிங்க. அங்கேருந்தே எங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு" என்று சொல்லி, ஒரு பிரதியை மூக்குக்கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் படித்தார். இனி எங்கள் ஓடைக்கு ஒரு குறையும் இல்லை. இப்படிக்கு, வெல்டா ரிஸ்னர்.

மூன்றாவது வீட்டு ஹோபர்ட் வாயைத் திறந்தார். வெல்டாவுக்கும் அவருக்கும் ஒரு வேலியை முன்னிட்டுப் பழைய தகராறு. "ஓஹோ, மகாராணி வீட்டுக்கு வந்தா ஊருக்கே வந்த மாதிரியா? இது தெரியாம நான் ஒருத்தன் லைன் இல்லன்னு நெனச்சிட்டு இருந்தேனே."

சிலர் சிரித்தார்கள். வெல்டா உட்கார்ந்தாள். அவள் காது சிவந்து போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு அந்தக் கம்பெனி ஆள் மேல் வந்த கோபம் இன்றுவரை தீரவில்லை. நன்றி சொன்னதை எடுத்து ஒருத்தி தலையில் அடிக்கலாமா?

விசாரணை முடிந்ததும் அதிகாரியைப் பிடித்து நான் விவரம் கேட்டேன். அட்டை பெரிய விஷயமே இல்லையாம். விதியே அப்படித்தானாம். நாட்டை மக்கள் தொகைக் கணக்குக்காகச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்குள் ஒரு வீட்டுக்கு லைன் இருந்தால் கட்டம் முழுவதும் இருப்பதாகக் கணக்கு. ஓடை முழுவதும் ஒரே கட்டம். அதில் ஒரு வீடு வெல்டாவுடையது. முப்பத்தாறு வீட்டுக்கும் குறுக்கே நின்றது அவள் வீட்டு வயர்தான். இதை அவளிடம் காரில் போகும்போது சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாள் காலை அவள் கம்பெனிக்குப் போன் போட்டு லைனை வெட்டச் சொல்லிவிட்டாள். பிறகு நூலகத்துக்கு வந்து, "வெட்டியாச்சு. இப்ப எங்க கட்டத்துல ஒரு வீட்டுக்கும் லைன் இல்ல. அந்த அதிகாரிக்கு எழுது" என்றாள்.

நான் எழுதவில்லை, விதிப் புத்தகத்தை எடுத்தேன். அன்று மதியம் முழுக்கப் படித்தேன். லைன் இருக்கிற வீடு என்று அதில் இல்லை. கேட்டால் கொடுக்கக்கூடிய வீடு என்றுதான் இருந்தது. வெல்டா லைனை வைத்துக்கொண்டாலும் வெட்டினாலும் கட்டம் பச்சைதான்.

"அப்ப நான் வெட்டினது?" என்றாள்.

"வீண் அக்கா."

"திரும்பக் கேட்டா?"

திரும்பக் கேட்டோம். அந்தப் பெட்டியில் அவளுடைய இணைப்பை நெடுஞ்சாலைப் பக்கம் வேறு யாருக்கோ கொடுத்தாயிற்று, காலியிடம் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்றுவரை கூப்பிடவில்லை. ஆக, லைன் கொடுக்கக்கூடிய வீடு என்று அவளைக் காட்டி ஓடைக்கு இல்லை என்றார்கள், அவளே போய்க் கேட்டால் அவளுக்கும் இல்லை என்றார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

வெல்டா, "ஹோபர்ட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஜனவரியில் வாஷிங்டனில் தொலைத்தொடர்பு ஆணையத்தின் ஐந்து பேர் கூடி, பிராட்பேண்ட் என்று எதைச் சொல்வது என்பதற்கு வேகத்தை உயர்த்தினார்கள். மூன்று பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். பேப்பரில் பெரிதாக வந்தது. கம்பெனி, அரசுக்குக் கணக்குக் காட்டும் தாளில் எங்கள் ஓடைக்கு நேராக இருந்த எண்ணை அடித்து, புது எண்ணைப் போட்டது. தாளில் வேகம் கூடியது. பிப்ரவரியில் ஷானா வாடகை லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு ஒஹாயோவில் டேட்டனுக்கு, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் அதே வேலைக்குப் போனாள். வெல்டா ஓடை வாயில் நின்று வழியனுப்பினாள். குழந்தைகள் பின் கண்ணாடி வழியாகக் கையாட்டின. அழுதாளா என்று கேட்காதீர்கள். அன்று மதியம் வழக்கம்போல் பஸ்ஸை எடுத்தாள்.

ட்ரெய்லரை விற்கவில்லை. வாரம் ஒருமுறை போய்க் கூட்டினாள், குளிர்காலத்தில் குழாய் உறையாமல் பார்த்துக்கொண்டாள், மின்சாரத்தை வெட்டவிடவில்லை. "எதுக்கு அக்கா இதெல்லாம்?" என்று ஒருமுறை கேட்டேன். "வீட்டை விட்டா எலி வந்துடும்" என்றாள்.

தொற்றுநோய் வருடத்தில் பள்ளிக்கூடம் மூடியதும், பஸ்களில் வைஃபை பொருத்தி, தேவாலய வாசல்களில் நிறுத்தினார்கள். பிள்ளைகள் சுற்றிலும் கார்களில் உட்கார்ந்து பாடம் கேட்கும். மல்பெரி ஓடைக்குப் பதினாலாம் நம்பர். வெல்டா ஓய்வுபெற வேண்டிய வருடம் அது. ஓடாத பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையில் காலை எட்டு மணியிலிருந்து மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தாள். அப்போதும் தூங்கி விழுகிற பிள்ளையின் காரைப் பார்த்து ஹார்ன் அடித்தாளாம். வாஷிங்டனிலும் அந்த வருடம்தான் புத்தி வந்தது. இந்தக் கட்டக் கணக்கு உதவாது, வீட்டுக்கு வீடு ஒரு புள்ளி வைத்து வரைபடம் போட வேண்டும் என்று சட்டம் போட்டு, வருடக் கடைசியில் அதற்குப் பணமும் ஒதுக்கினார்கள். போட்டு முடிக்க இன்னும் இரண்டு வருடம்.

2022 நவம்பரில் புது வரைபடம் வந்தது. தப்பான புள்ளியைத் திருத்த ஜனவரி பாதி வரைக்கும் கெடு. பார்த்தால், முப்பத்தேழு புள்ளியும் லைன் உள்ள வீடு என்றே இருந்தது. கம்பெனி பழைய தாளைப் பார்த்துப் புது வரைபடத்தை நிரப்பியிருக்கிறது. நான் மேசையைக் குத்தியதில் காபி கொட்டியது.

"கத்தாத ஐவா. ஒவ்வொரு வீடா எழுது, நான் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வரேன்" என்றாள் வெல்டா. அவளுக்கு அப்போது அறுபத்தெட்டு. பனியில் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு, பஸ் போன அதே வரிசையில், வீடு வீடாகப் போனாள். கம்பெனி கொடுக்க மறுத்தது எப்போது, யாரிடம் பேசினார்கள் என்று எழுதி வாங்கினாள். ஹோபர்ட் வீட்டுக்கும் போனாள். அவர் கதவைத் திறந்து, "என்ன மகாராணி, இந்தப் பக்கம்?" என்றாராம். "வரி வசூலிக்க வந்தேன். கையெழுத்தைப் போடும்" என்றாளாம். போட்டார். அதன்பின் தன் நான்கு சக்கர வண்டியில், கார் ஏறாத மேட்டு வீடுகளுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

ஷானாவின் ட்ரெய்லருக்கு வந்தபோது, குடியிருக்கத்தக்க வீடா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது.

"போடு" என்றாள். "ஹீட்டர் ஓடுது, தண்ணி வருது, திரை துவைச்சுப் போட்டிருக்கேன். நாளைக்கே வந்து இருக்கலாம்."

எலிக்காக இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முப்பத்தாறு ஆயிற்று. முப்பத்தேழாவதாக அவள் வீட்டை எடுத்தேன்.

"என் வீட்டை விட்டுடு."

"ஏன் அக்கா? உங்களுக்கும்தான் லைன் இல்லையே."

"என் பேரைப் பாத்தா அந்த அட்டையைத் தூக்கிட்டு வருவானுங்க. ஓடைக்காரியே இருக்குன்னு எழுதியிருக்கான்னு மொத்தத்தையும் இழுத்தடிப்பானுங்க. நானே வெட்டினது வேற. முப்பத்தாறும் என்னோட சேந்து கெடணுமா?"

நான் சண்டை போட்டேன். அந்த அட்டை இப்போது செல்லாது, பதிமூன்று வருடத்துக் குப்பை என்றேன். அவள் தன் வீட்டுத் தாளை எடுத்து நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அட்டையை அவர்கள் கொண்டுவந்திருப்பார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் பயந்தது வீணாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில் காது சிவக்க உட்கார்ந்திருந்தது நான் இல்லையே.

முப்பத்தாறு புள்ளியும் மாறியது. மாநிலம் பணம் கொடுத்தது, வேறொரு கம்பெனி ஃபைபர் இழுக்க வந்தது. போன அக்டோபரில் கம்பம் கம்பமாக ஏறினார்கள். வெல்டாவின் காய்கறித் தோட்டத்து மூலையில் ஒரு கம்பம் நட வேண்டியிருந்தது. நட்டுக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவள் தக்காளிச் செடிக்கு மேலே கேபிள் போயிற்று, அவள் வீட்டுக்குள் போகவில்லை. ஹோபர்ட் அதைப் பார்த்து வேலைக்காரர்களிடம் சத்தம் போட்டார். தன் வீட்டை அவளே விடச் சொன்னாள் என்று தெரிந்ததும் அவள் வாசலில் வந்து, தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

லைன் பொருத்த வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஷானாவின் ட்ரெய்லரில் வெல்டா இருந்தாள். துணைக்கு என்னையும் நூலகத்து லேப்டாப்பையும் கூப்பிட்டிருந்தாள். வந்த டெக்னீஷியன் டெவன், முப்பது வயதுக்காரன், பதினாலாம் நம்பர் பஸ்ஸில் போனவன். அடுக்களைச் சுவரில் பெட்டியை மாட்டி, பச்சை விளக்கு எரிந்ததும், "யாரையாவது கூப்பிட்டுப் பாருங்க வெல்டாம்மா" என்றான்.

மதியச் சாப்பாட்டு நேரம். ஷானா உடனே எடுத்தாள்.

"அம்மா, என்ன இவ்வளவு தெளிவா தெரியுற? லைப்ரரிக்குப் போயிருக்கியா?"

வெல்டா கொஞ்சம் நகர்ந்து கொண்டாள். பின்னால் மஞ்சள் பூப் போட்ட சுவர் தெரிந்திருக்கும்.

"அது எங்க அடுக்களைம்மா."

"ஆமா. லைன் வந்துருச்சு. இப்பதான் போட்டாங்க."

"உன் வீட்டுக்கு?"

"அத விடு. ஆஸ்பத்திரியில நீங்கள்லாம் இப்ப வீட்டுலேர்ந்துதான வேலை பாக்குறீங்க?"

"நாலு வருஷமா அப்படித்தான்."

"டேட்டன்லயேதான் இருக்கணும்னு இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்ல. வயர் லைன் இருந்தாப் போதும்."

வெல்டா அடுக்களை மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் யாரிடமும் எதுவும் தனக்காகக் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஷானா, உன்னைப் போகாதன்னு அன்னிக்கு நான் சொல்லல. சொல்ற மாதிரி என்கிட்ட ஒண்ணும் இல்ல. இப்ப கேக்குறேன். திரும்பி வந்துடும்மா. எனக்குத் தனியா இருக்க முடியல."

திரையில் ஷானாவின் முகம் அப்படியே நின்றது. வாய் பாதி திறந்திருந்தது, கண் இமைக்கவில்லை. வெல்டா பொறுத்துப் பார்த்தாள். பிறகு டெவன் பக்கம் திரும்பி, மெதுவாக, "படம் நின்னுபோச்சாப்பா?" என்றாள்.

டெவன் பெட்டியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.

"இல்ல வெல்டாம்மா. லைன் நல்லாத்தான் ஓடுது. அவங்கதான் பேசல."

"சரி, அப்ப இருக்கேன்" என்று வெல்டா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தாள்.